கடலில் போன கூட்டாளிகளுக்கு யார் எள்ளும் நீரும் விடுவது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா டர்பனுக்கு வருமுன் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் ஃபிட்டராக இருந்தவர். 2005 ஜூலை 27 விபத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் போய்விட்டார்கள். அந்த வாரம் அப்பா ஆஃபில், அதாவது ஷிஃப்ட் முடிந்த விடுப்பில், ஊரில் இருந்தார். இத்தனை வருடமாகியும் ஜூலைக் கடைசி வந்தால் மனிதர் யாரோடும் பேசுவதில்லை. இந்த வருடம் உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனில் அவர்களுக்குத் தர்ப்பணம் செய்யவேண்டும் என்கிறார். கோயிலில் கோத்திரமும் நட்சத்திரமும் கேட்கிறார்கள். அப்பா வைத்திருக்கும் பட்டியலில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், உடலே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். "ரத்த சம்பந்தம் இல்லாதவர்களுக்கு நாம் செய்தால் நம் வீட்டுக்கு ஆகாது" என்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா? அன்றைக்கு அங்கே என்னதான் நடந்தது?

தாராளமாகச் செய்யலாம். கோத்திரம் தெரியாததோ உடல் கிடைக்காததோ இதற்குத் தடை இல்லை. மதம் வேறானவர்களை நினைக்க வேறு வழி உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எப்படிப் போனார்கள் என்று தெரியாமல் பெயரை மட்டும் சொல்லி நீர் விட்டால் அது பாதி நினைவுதான் என்பது என் உறுதியான எண்ணம். நானும் மும்பை ஹையில் தொழில் கற்றவன். பிறகு இங்கே மோசல் பேக்குத் தெற்கே 85 கிலோமீட்டர் கடலுக்குள் நிற்கும் எஃப்-ஏ எரிவாயு பிளாட்ஃபார்மில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். புதிதாக வரும் பிள்ளைகளை உட்கார வைத்து இந்த விபத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மும்பை ஹை நார்த், கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அது ஒரே பிளாட்ஃபார்ம் கிடையாது. 1976-இல் கட்டிய சின்னக் கிணற்று மேடை, ஆட்கள் தங்கும் மேடை, எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் பெரிய மேடை, நீர் செலுத்தும் மேடை என்று நான்கு, பாலங்களால் இணைத்தவை. அன்று பக்கத்தில் ஒரு ஜாக்கப் ரிக்கும், அதாவது கடலடியில் கால் ஊன்றி நிற்கும் துளையிடும் மேடையும், நின்றது. கடலடிக் குழாயிலிருந்து மேடைக்குச் செங்குத்தாக ஏறும் குழாயை ரைசர் என்போம். அப்பா வாயிலிருந்து இந்தச் சொல்லை எப்போதாவது கேட்டிருப்பீர்கள். உள்ளே கடும் அழுத்தத்தில் வாயு போய்க்கொண்டிருக்கும். நடந்தது எல்லாம் அந்த ரைசரைச் சுற்றித்தான்.

அதற்கு முந்தின நாள் மும்பை நகரமே மூழ்கிய நாள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மறுநாளும் கடல் கொந்தளிப்பு அடங்கவில்லை. சமுத்ரா சுரக்ஷா என்ற டைவிங் வேலைக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை. சரி, கப்பலைப் பிளாட்ஃபார்ம் ஓரமாகக் கொண்டுபோய், கிரேனில் கூடை கட்டி அவரை மேலே ஏற்றிவிடலாம், அங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று முடிவானது. காற்றுக்கு மறைவான பக்கத்துக் கிரேன் வேலை செய்யவில்லை. ஆகவே காற்று மோதும் பக்கமாகக் கப்பல் வந்தது. ரைசர்கள் மேடைக் கால்களுக்கு வெளியே நின்ற பக்கம் அது. கப்பலை நகராமல் பிடித்து நிறுத்த உதவும் பக்கவாட்டு விசிறி (த்ரஸ்டர்) ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காயம்பட்டவர் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தார். கப்பல் விலகிப் போகும்போதுதான், மாலை 4 மணி அளவில், அதன் ஹெலிடெக், அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளம், ஒரு ரைசரில் போய் இடித்தது. கசிந்த வாயு உடனே பற்றிக்கொண்டது. அந்தச் சூட்டில் பக்கத்து ரைசர்களும் அடுத்தடுத்துப் பிய்த்துக்கொண்டன. இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய மேடை கடலுக்குள் போய்விட்டது.

அந்த இடத்தில் அன்று 384 பேர். 362 பேர் கரை சேர்ந்தார்கள், 22 பேர் போய்விட்டார்கள். 11 பேரின் உடல் கிடைத்தது, 11 பேரின் உடல் கிடைக்கவில்லை. மேடைகளில் இருந்த 8 லைஃப்போட்டுகளில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது. 10 மிதவைகளில் ஒன்றே ஒன்று. மீதிப் பேர் கயிற்றைப் பிடித்தும் குதித்தும் பருவமழைக் கடலில் இறங்கினார்கள். கப்பலுக்குள் அழுத்த அறையில் ஆறு டைவர்கள் இருந்தார்கள். அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்காமல் அந்த அறையைத் திறந்தால் உடலுக்குள் வாயு குமிழியிட்டு இறந்துபோவார்கள், அதனால் எரியும் கப்பலிலிருந்து அவர்களை அப்போது எடுக்க வழியில்லை. 36 மணி நேரம் கழித்து ஆறு பேரையும் உயிரோடு மீட்டார்கள். கப்பல் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மூழ்கியது. அப்பா மௌனமாக இருக்கும் நாட்களில் அவர் கண்முன் ஓடுவது இதுதான் என்று நினைக்கிறேன். கூட இருந்திருந்தால் தான் எந்தப் பக்கம் ஓடியிருப்போம் என்று மனம் கணக்குப் போட்டபடியே இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அந்தச் சமையல்காரர் கையை வெட்டிக்கொண்டதால்தான் இவ்வளவும் என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பேச விட்டதில்லை. சமையலறையில் கை வெட்டுப்படும், அது வேலையோடு வருவது. ரைசர் கால்களுக்கு வெளியே, கப்பல்கள் வந்து நிற்கும் பக்கத்தில் நின்றது. அதைச் சுற்றிக் கட்டிய தடுப்பு சின்னச் சரக்குக் கப்பல் உரசினால் தாங்கும் அளவுக்குத்தான். கிரேன் பழுது, த்ரஸ்டர் பழுது, இரண்டும் தெரிந்தே கப்பல் காற்றுப் பக்கம் வந்தது. காரணம் என்று சொல்வதானால் இவற்றைத்தான் சொல்லவேண்டும். 2008-இல் இந்தியாவில் கடல் எண்ணெய்ப் பணிகளுக்கென்றே தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தன.

அப்புறம் உங்கள் அப்பாவின் விஷயம். கடல் வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பேக்-டு-பேக் ஆள் இருப்பார். நீங்கள் ஆஃபில் வரும்போது உங்கள் இடத்துக்கு ஏறுகிறவர். ஒரே வேலை, பல நேரம் ஒரே பங்க் (படுக்கை), ஒரே லாக்கர். முகம் பார்த்துப் பேசுவது ஹெலிபேடில் மாறிக்கொள்ளும் சில நிமிடம்தான். "பம்ப் பக்கம் வால்வு ஒண்ணு லீக், பாத்துக்கோ" என்று எழுதிய காகிதம் ஒன்று கைமாறும். ஆனாலும் அந்த ஆளைப்போல உங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. தலையணைக்கடியில் நீங்கள் மறந்த தைல டப்பாவை எடுத்துவைத்திருப்பார். உங்கள் அப்பா ஆஃபில் இருந்த வாரம் அவர் இடத்தில் ஒருவர் நின்றிருக்கிறார் இல்லையா? அவர் பிழைத்தாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருந்தால், இத்தனை வருட மௌனத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஷிஃப்ட் பட்டியல் போட்டவர் உங்கள் அப்பா இல்லை. இதை அவரோடு கடலில் இருந்த ஒருவர் வாயால் கேட்டால் அவருக்கு மனம் ஆறும். மகள் சொன்னால் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

மற்ற நாடுகளில் இந்தத் தொழில்காரர்கள் தங்கள் ஆட்களை எப்படி நினைக்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்தது, 1988 ஜூலை 6. அதுவும் ஜூலைதான். 167 பேர். அதில் இரண்டு பேர் மேடைக்காரர்களே அல்ல, காப்பாற்றப் படகில் போனவர்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிஃப்ட் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த வாயைத் தற்காலிக மூடியால் மூடி வைத்திருந்தது. அதைச் சொல்லும் காகிதம் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். இரவு 10 மணிக்கு முதல் வெடிப்பு. டைவர்கள் தண்ணீரில் இருப்பார்கள் என்பதால் தீயணைப்பு பம்புகளைத் தானாக ஓடாதபடி மாற்றி வைத்திருந்தார்கள், அவற்றை ஓட்ட யாராலும் போக முடியவில்லை. அக்கம்பக்கத்து மேடைகள் தீயைப் பார்த்த பிறகும் எண்ணெயையும் வாயுவையும் அனுப்பிக்கொண்டே இருந்தன. பெரும்பாலோர் தங்கும் அறைகளில், உத்தரவுக்குக் காத்திருந்து, புகையில் போனார்கள். சில மாதம் கழித்து அந்த அறைத்தொகுதியையே கடலடியிலிருந்து தூக்கி எடுத்தபோது உள்ளே 87 பேர் இருந்தார்கள். 30 பேர் கடைசிவரை கிடைக்கவில்லை.

அபெர்டீன் நகரத்து ஹேசில்ஹெட் பூங்காவில் 1991-இல் நினைவுச்சின்னம் திறந்தார்கள். வேலை உடையில் மூன்று வெண்கல ஆட்கள், கீழே 167 பெயர், சுற்றிலும் ரோஜாத் தோட்டம். செதுக்கியவர் ஸூ ஜேன் டெய்லர். விபத்துக்கு முன்பே அந்த மேடைக்குப் போய்த் தொழிலாளர்களைப் படம் வரைந்தவர். அதனால்தான் அந்தச் சிலைகளில் ஓவரால் மடிப்பும் பூட்ஸும் உள்ளபடி இருக்கின்றன. ஆனால் அந்த 167 பேருக்கு எழுந்த பெரிய நினைவுச்சின்னம் வேறு ஒன்று என்பேன்: நீதிபதி கல்லன் பிரபு விசாரித்து 1990-இல் கொடுத்த அறிக்கை, அதன் 106 பரிந்துரைகள். மோசல் பேயில் நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு பெர்மிட்டிலும், அதாவது வேலை அனுமதிச் சீட்டிலும், அந்த இரவு இருந்தது. பகல் ஷிஃப்ட் கழற்றியதை இரவு ஷிஃப்ட் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் கட்டுப்பாட்டு அறை எதையும் ஓட்ட விடும்.

நார்வேயில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற தங்கும் மேடை 1980 மார்ச் 27 அன்று கவிழ்ந்து, 212 பேரில் 123 பேர் போனார்கள். ஒரு கருவியைப் பொருத்த வைத்த சின்ன வெல்டில் தொடங்கிய விரிசல் குறுக்குக் குழாயையே அறுத்துவிட்டது. ஸ்டவாங்கர் பக்கம் கடலோரத்தில் அவர்களுக்கு அறுந்த சங்கிலி ஒன்றைப் பெரிதாக நட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை, 2010 ஏப்ரல் 20, பதினொரு பேர், ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் துக்கம் அனுசரிப்பது கடல் தொழிலில் புதிது இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் ஊரிலும் புதிது இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். கிடைக்காமலே போனவர்களின் வீட்டார் எப்படிக் காரியம் செய்தார்கள் என்று உங்கள் கோயிலிலேயே கேட்டால் சொல்வார்கள்.

பழைய தமிழ் வழக்கமும் இதையே சொல்கிறது. போரில் விழுந்த வீரனுக்கு நட்ட நடுகற்கள் பலவற்றில் ஆள் பெயரோடு, எந்த ஊர் மாட்டை மீட்கப்போய் விழுந்தான் என்பதையும் வெட்டி வைத்தார்கள். 

சரி, தர்ப்பணத்துக்கு வருகிறேன். ரத்த சம்பந்தம் இல்லாதவர்களுக்கு ஆகாது என்பது சாஸ்திரமும் அல்ல, வழக்கமும் அல்ல. தந்தை வழி, தாய் வழிக்குப் பிறகு காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. குரு, நண்பர், உதவி செய்தவர் எல்லாரும் அதில் அடக்கம். தர்ப்பணத்தின் கடைசியில், தாயும் தந்தையும் சுற்றமும் தனக்கென்று யாரும் இல்லாதவர்கள் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்று சொல்லித்தான் நீரை விடுகிறோம். முன்பின் தெரியாதவருக்கே விடும்போது, ஒரே பங்கில் மாறி மாறிப் படுத்தவருக்கு விடக்கூடாதா? கோத்திரம் தெரியாவிட்டால் காசியப கோத்திரம் என்று சொல்வது வழக்கம். நட்சத்திரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பெயர் போதும். முதலில் அப்பா தன் பித்ருக்களுக்குச் செய்துவிட்டு, பிறகு இவர்களுக்குச் செய்யட்டும். உங்கள் தாத்தா காலமாகிவிட்டார் என்று எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். அவர் இருந்தால் அப்பா தர்ப்பணம் செய்வது வழக்கமில்லை. படையல் போட்டு விளக்கேற்றலாம்.

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்யும் முறை ஒன்று உண்டு. யாராவது அதைச் செய்யச் சொன்னால் வேண்டாம். அது அவரவர் குடும்பத்தின் காரியம், பிள்ளைகள் எப்போதோ செய்து முடித்திருப்பார்கள். அதை நாம் கையில் எடுப்பது முறை அல்ல.

நாள் விஷயத்தில் உங்களுக்கு வசதிதான். ஜூலை 27 ஆடியில் வருகிறது. இங்கே கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம் என்பதால் வீடும் சுத்தமாக இருக்கும். அதை ஒட்டி வரும் ஆடி அமாவாசை கடலோரத்தில் நீர் விடுவதற்கென்றே உள்ள நாள். அப்போது முடியாவிட்டால் புரட்டாசியில் மகாளய பட்சம். அதில் சதுர்த்தசி விபத்தில் போனவர்களுக்கு உரியது. ப்ளூ லகூனில் ஒன்றைக் கவனியுங்கள்: நீர் இறங்கும் நேரத்தில் ஆற்று முகம் பலமாக இழுக்கும். ஏற்றம் முடிந்து நீர் தளர்ந்து நிற்கும் நேரம் பார்த்து இறங்குங்கள், அப்பாவை முழங்காலுக்கு மேல் போக விடாதீர்கள். அதே உம்கேனியில்தான் 1917 அக்டோபர் வெள்ளத்தில் மாரிமுத்து படவட்டனும் கூட இருந்த ஐந்து பேரும் மீன்பிடிப் படகில் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். நீரில் போனவர்களையும் மீட்டவர்களையும் நினைக்கப் பொருத்தமான இடம்.

முஸ்லிம், கிறிஸ்தவக் கூட்டாளிகளைத் தர்ப்பணத்தில் சேர்க்கவேண்டாம். அது அவர்கள் வழி இல்லை, அவர்கள் வீட்டார் கேட்டால் வருத்தப்படலாம். கிரே ஸ்ட்ரீட் ஜும்மா மசூதியும் இம்மானுவேல் கதீட்ரலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரே காலையில் இரண்டு இடத்துக்கும் போகலாம். மசூதியில் பெயர் சொல்லி துஆ கேட்கச் சொல்லுங்கள், கதீட்ரலில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுங்கள். அப்பாவே போய்ச் சொல்வது நல்லது. "என்ன உறவு?" என்று கேட்டால் "கூட வேலை பார்த்தவர்" என்று சொன்னால் போதும், ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் வீட்டில் 22 பேருக்கும் சேர்த்து ஒன்று செய்யலாம். அப்பாவுக்கு மஸ்டர் என்றால் தெரியும். சைரன் அடித்ததும் எல்லாரும் கூடும் இடத்தில் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு அட்டை. வந்தவர் தன் அட்டையைத் திருப்பிச் செருகவேண்டும். திருப்பாத அட்டைகளை ஒருவர் உரக்க வாசிப்பார், பதில் வரும்வரை வாசிப்பார். வாராவாரம் ஒத்திகையில் இதைச் செய்து சலித்தவர்கள் நாங்கள். அதேபோல அப்பா பெயர்களை உரக்க வாசிக்கட்டும், மதம் ஊர் பார்க்காமல், அவர் பட்டியலில் இருக்கும் வரிசைப்படி. வாசித்து முடித்ததும் ரைசர், கிரேன், காற்றுப் பக்கம், இறங்காத லைஃப்போட் எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகளுக்கு அவர் வாயால் சொல்லட்டும். அவர்களில் ஒருவர் நாளைக்கு டர்பன் துறைமுகத்து ஐலண்ட் வியூவில் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேலைக்கு நிற்கலாம். பேசும்போது தொழில் விவரமாகத்தான் பேசுவார், அழமாட்டார். குறுக்கே கேட்காமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே மாலை 4 மணி என்றால் இங்கே பகல் 12:30. அந்த நேரத்துக்கு வாசிக்கத் தொடங்குங்கள். முடிந்ததும், அன்று மேடையில் இருந்து பிழைத்தவர்களில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்காவது போன் போட்டு அவர் கையில் கொடுங்கள். எண் தொலைந்திருந்தால் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிடுங்கள். கடல்காரர்கள் ஊர் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவரைப் பிடிக்க நாலு பேரைக் கேட்கவேண்டியிருக்கும்.